வண்டிக்கு நான் தடவிய எண்ணெய்

என் வீட்டுக்காரர் ஓட்டிய வண்டி என்னைவிட வயதில் மூத்தது. கறுப்பு வண்டி. இரண்டு பக்கமும் ஏறி நிற்கப் பலகை, முன்னால் தவளைக் கண் மாதிரி இரண்டு விளக்கு, பக்கத்தில் செருகி வைத்த உபரிச் சக்கரம். வெள்ளைக்காரர் ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனதை எங்கள் முதலாளியின் அப்பா வாங்கினாராம். முதலாளிக்குப் பட்டுச் சேலை வியாபாரம். கல்யாணச் சேலை எடுக்க வெளியூரிலிருந்து வருகிறவர்களை ரயிலடியிலிருந்து அந்த வண்டியில்தான் கூட்டி வருவார்கள். வண்டியைப் பார்த்ததுமே பாதிப் பேர் சேலை எடுக்கத் துணிந்துவிடுவார்கள் என்பது முதலாளியின் கணக்கு.

வண்டி நிற்கும் கொட்டகையின் பின்சுவரை ஒட்டி ஓர் அறை. நானும் அவரும் எங்கள் இரண்டு வயதுப் பெண்ணும் அதில் இருந்தோம். அறைக்குக் கொட்டகைப் பக்கம் ஒரு சன்னல் உண்டு. நான் பார்த்தது கேட்டதெல்லாம் பெரும்பாலும் அந்தச் சன்னல் வழியாகத்தான். ஆண்கள் இருக்கும் இடத்துக்கு வராதே என்று என்னை யாரும் சொன்னதில்லை. எனக்கே வராது. நாலு பேர் திரும்பிப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

நாங்கள் இருவருமே நெசவுக் குடும்பம். நான் பிறந்தது பிள்ளையார்பாளையம். அவருக்குச் சின்ன வயதில் கரும்பு ஆலையில் இடது கை விரல் இரண்டு போய்விட்டது. அறுந்த இழையைப் பிடித்து முடியப் பத்து விரலும் வேண்டும். எட்டு விரலை வைத்துக்கொண்டு பட்டு நெய்ய முடியாது. முதலாளியின் அப்பா இரக்கப்பட்டு வண்டி துடைக்க வைத்துக்கொண்டார், பிறகு ஓட்டக் கற்றுக்கொள்ளச் சொன்னார். ஸ்டியரிங் பிடிக்க மூன்று விரல் போதும் என்று என் வீட்டுக்காரர் என்னிடம் கையைக் காட்டிச் சிரிப்பார். அந்த வண்டியை விட்டால் அவருக்கு வேறு தொழில் இல்லை. அந்த அறையை விட்டால் எங்களுக்கு வேறு இடமும் இல்லை.

அறுபதுகளின் கடைசி என்று நினைக்கிறேன். வண்டி இடிக்க ஆரம்பித்தது. பள்ளத்தில் இறங்கினால் பின்பக்கம் 'தடக்'கென்று ஒரு அடி, ஏறினால் இன்னொரு அடி. முதலாளியம்மாவுக்கு இடுப்பு வலி. ஒரு வெள்ளிக்கிழமை காமாட்சியம்மன் கோயிலுக்குப் போய்த் திரும்பி வந்தவர் இறங்கும்போதே கத்தினார்.

"இது வண்டியா உரலாய்யா? ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் முதுகெலும்பு வாய்க்கு வந்துட்டுப் போவுது. இனிமே நடந்தே போறேன், புண்ணியமாச்சும் மிஞ்சும்!"

அன்று சாயங்காலம் முதலாளி கொட்டகைக்கே வந்தார்.

"தை மாசம் என் பொண்ணு கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு இந்த வண்டிதான்னு எங்கப்பா காலத்துலயே முடிவான விஷயம். அதுக்குள்ள இதைச் சரி பண்ணு. ஆவலியா, இரும்புக்குப் போட்டுட்டுப் புது வண்டி எடுத்துக்குவேன். புது வண்டிக்கு ஏத்த டிரைவரையும் பாத்துக்குவேன். நீயும் ஒரு இடம் பாத்து வெச்சுக்க."

என் வீட்டுக்காரர் உள்ளே வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தார். சோற்றில் கை வைக்கவில்லை. "வண்டி போச்சுன்னா நாமளும் போவோம்மே" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஓரிக்கை போகிற வழியில் ஒரு மெக்கானிக் ஷெட் இருந்தது. அதை வைத்திருந்தவர் ஆற்காட்டுப் பக்கத்துக்காரர். ஊரில் எல்லாரும் பாய் என்றே கூப்பிடுவார்கள். என் வீட்டுக்காரருக்கு ஒரே சிநேகிதர் அவர்தான். ரம்ஜானுக்கு எங்களுக்குச் சேமியா அனுப்புவார், பொங்கலுக்கு நாங்கள் கரும்பு அனுப்புவோம். நான் நேரே நின்று பேச மாட்டேன் என்று தெரிந்து, சன்னலைப் பார்த்துத்தான் "தங்கச்சி" என்று கூப்பிடுவார்.

பாய் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"மூட்டு வலிப்பா. கிழவிக்கு வர்றதுதான்."

அவர் விளக்கியதைச் சன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று நானும் கேட்டேன். வண்டியின் பாரத்தைத் தாங்குவது வில் போல வளைந்த இரும்புப் பட்டைகள். அந்தப் பட்டையின் நுனியில் ஒரு வளையம். வளையத்துக்குள் ஒரு போல்ட் நுழைந்து வண்டியோடு சேர்க்கும். போல்ட்டும் வளையமும் இடிக்காமல் இருக்க நடுவில் ரப்பர் வைத்திருப்பார்கள். அதற்குப் பெயர் புஷ். எங்கள் வண்டியில் அந்த ரப்பர் உதிர்ந்து தூளாகிவிட்டது. இரும்பும் இரும்பும் நேருக்கு நேராக இடிக்கிறது.

"இந்த வண்டிக்கு இதைச் செய்யறவன் சீமையிலயே செத்துட்டிருப்பான். மெட்ராஸ்ல ரப்பர் வார்க்கற ஆளு ஒருத்தன் இருக்கான். மாதிரி கொண்டு போய்ப் பக்கத்துலயே உக்காந்து செஞ்சுக்கினு வர்றேன்" என்றார் பாய்.

சொன்னபடி போனார். இரண்டு நாள் அங்கேயே இருந்து செய்து எடுத்து வந்தார். ஒரு துணிப்பையில் கருநாவல் பழம் போலப் பளபளவென்று. முதலாளி முன்னால் போய் நின்று, "இது என் வாக்கு முதலாளி. அஞ்சு வருஷத்துக்கு இதைப் பத்திப் பேச்சே வராது" என்றார். முதலாளி, "வாக்கு கொடுக்கறது சுலபம்யா, தை மாசம் பாப்போம்" என்றார்.

ஆடி மாதம். கல்யாணச் சேலை எடுக்க ஆள் வராத காலம் என்பதால் மூன்று நாள் வண்டியைத் தூக்கி நிறுத்த முதலாளி சம்மதித்தார். பின் சக்கரம் இரண்டையும் கழற்றிவிட்டுக் கட்டை கொடுத்து நிறுத்தினார்கள். பழைய போல்ட்டுகள் துருவேறி அசையவில்லை. பாய் நெருப்பு காட்டினார், சம்மட்டியால் அடித்தார். கருகிய ரப்பர் நாற்றம் என் சோற்றுப் பானை வரைக்கும் வந்தது.

"அரே, மாமியா மாதிரி புடிச்சுக்கினு இருக்குதே இந்த போல்ட்டு!"

"யார் மாமியா? என் மாமியாளா, உன் மாமியாளா?" என்றார் இவர்.

"உன் மாமியா இட்லி அனுப்புறாங்க, அவங்கள நான் பேச மாட்டேன்."

நான் சன்னலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

புது ரப்பரை வளையத்துக்குள் ஏற்றச் சோப்புத் தண்ணீர் கேட்டார் பாய். பட்டு நூலை வேகவைத்துப் பசை எடுப்பதற்கு எங்கள் அம்மா வீட்டில் வைத்திருக்கும் சோப்பு என்னிடம் ஒரு கட்டி இருந்தது. அதைக் கரைத்துச் சன்னல் வழியாகக் கொடுத்துவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு தெருக் குழாய்க்குப் போனேன். திரும்பி வரும்போது இரண்டு ரப்பர் ஏறிவிட்டிருந்தது. வளையல்காரர் சோப்புப் போட்டு நம் கையை அமுக்கி வளையல் ஏற்றுவாரே, அதே மாதிரிதான் அமுக்கி ஏற்றிக்கொண்டிருந்தார். நான் குழாயடியில் நின்ற நேரத்தில் பாய் என் வீட்டுக்காரரிடம் ஒரு விஷயம் சொன்னாராம். ரப்பருக்குச் சோப்பு படலாம், எண்ணெய் மட்டும் படவே கூடாது, அது அதற்கு விஷம் என்று. இவர் என்னிடம் அதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று ஏன் தோன்றப்போகிறது? வண்டிக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?

மூன்றாம் நாள் சக்கரங்களை மாட்டி வண்டியைத் தரையில் இறக்கினார்கள். நட்டுகளை அப்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டுமாம். வண்டி தொங்கிக்கொண்டிருக்கும்போது இறுக்கினால் பாரம் ஏறியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு கிழியும். அதனால் ஆள் ஏறி உட்கார்ந்திருக்க வேண்டும். கடைக் கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு முன்னால் உட்காரவைத்தார்கள். பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவரைப் பின்னால் உட்காரவைத்தார்கள். ஒரு அரிசி மூட்டையும் வைத்தார்கள். பாய் அடியிலிருந்து குரல் கொடுத்தார்.

"இன்னும் கொஞ்சம் பாரம் வேணும். தங்கச்சி, நீயும் கொழந்தையைத் தூக்கிக்கினு வந்து உக்காரும்மா!"

நான் வரமாட்டேன் என்று தலையை ஆட்டினேன். சன்னலுக்குள் ஆட்டினால் யாருக்குத் தெரியும்? என் வீட்டுக்காரர் வந்து கையைப் பிடித்து இழுத்துப் போய் ஏற்றிவிட்டார். தோல் சீட்டு தொடையைச் சுட்டது. சீட்டின் இடுக்கில் காய்ந்துபோன மல்லிகைச் சரம் ஒன்று கிடந்தது. கணக்குப்பிள்ளை என்னை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் கோயிலில் நிற்பது போல உட்கார்ந்திருந்தார்.

"யாரும் அசையாதீங்க. மூச்சு மட்டும் விட்டுக்கலாம்" என்றது அடியிலிருந்து குரல்.

என் வீட்டுக்காரர் கதவுப் பக்கம் குனிந்து, "முதலாளியம்மாவே தோத்தாங்க போ" என்றார். நான் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். அந்த வண்டியில் நான் உட்கார்ந்தது அந்த ஒரு தடவைதான். அது ஓரடிகூட நகரவில்லை.

இடி நின்றுவிட்டது. ஆனால் நாலு நாளில் வண்டி கீச்சிட ஆரம்பித்தது. மெதுவாகப் போகும்போது, திரும்பும்போது, ஆள் ஏறும்போது. பாயிடம் கேட்டதற்கு, "புது ரப்பர் அப்படித்தான் மொனகும். ரெண்டு மாசத்துல படிஞ்சிடும், தொடாதே" என்று சொல்லிவிட்டு, பெண்சாதி பிரசவத்துக்காக ஆற்காட்டுக்குப் போய்விட்டார்.

முதலாளிக்கு இரண்டு மாதம் பொறுக்கவில்லை.

"என்னய்யா, கொலுசு போட்டுக்கினு நடக்குதா வண்டி? ஆவணி பொறந்தா பார்ட்டிங்க வந்து இறங்குவாங்க. இந்தக் கத்தலோட அவங்கள ஏத்திக்கினு வரச் சொல்றியா?"

புது வண்டி விலை விசாரிக்க மெட்ராஸுக்கு ஆள் அனுப்பியிருக்கிறார் என்று கணக்குப்பிள்ளை வந்து சொன்னார். என் வீட்டுக்காரர் வீட்டிலும் அந்தக் கீச்சுச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். குழந்தை தொட்டிலில் ஆடினால் திடுக்கென்று திரும்புவார். தொட்டில் கொக்கியைப் பிடுங்கி எறி என்று ஒரு நாள் கத்தினார். அவர் அப்படிக் கத்தி நான் பார்த்ததில்லை.

கீச்சுச் சத்தம் எனக்குப் புதிதில்லை. எங்கள் அம்மா வீட்டில் தறிக்கு மேலே ஜக்காடு பெட்டி இருக்கும். சேலையில் மயிலும் யாளியும் விழுவதற்கு இழைகளைத் தூக்கிக் கொடுக்கிற பெட்டி அது. அதன் கொக்கிகள் கீச்சிட்டால் எண்ணெய் காட்ட வேண்டும். மெஷின் எண்ணெயோடு கிருஷ்ணாயில் கொஞ்சம் கலந்து, கோழி இறகால் தொட்டுத் தொட்டுத் தடவ வேண்டும். ஒரு சொட்டு கீழே தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூலில் விழுந்தால் பட்டு கெட்டது, முதுகில் அடியும் விழும். அஞ்சாவது படித்து நின்றதிலிருந்து கல்யாணமாகும் வரைக்கும் அந்த வேலை என்னுடையது. ஒரு நாள்கூடச் சொட்டு விழுந்ததில்லை. "இவ கை பட்டா பெட்டி வாயைத் தொறக்காது" என்று எங்கள் அண்ணன் சொல்லும். நான் செய்த வேலைகளில் ஆண்கள் வாயால் நல்ல பேர் வாங்கியது அது ஒன்றுதான்.

காலையில் அவர் முதலாளி வீட்டுப் பூஜைக்குப் பூ வாங்கப் போவார். அந்த நேரம் கொட்டகையில் யாரும் இருக்க மாட்டார்கள். நான் பெருக்குகிற மாதிரி துடைப்பத்தோடு போனேன். ஒரு கொட்டாங்குச்சியில் எண்ணெய், ஓர் இறகு. எந்த எந்த இடம் என்று எனக்குத் தெரியும், மூன்று நாள் சன்னலில் நின்று பார்த்தவள்தானே. குனிந்து கையை விட்டு ஒவ்வொரு ரப்பரின் ஓரத்திலும் தடவினேன். தரையில் ஒரு சொட்டு விழவில்லை.

அன்று சாயங்காலம் அவர் சைக்கிள் வாங்கிய பையன் மாதிரி வந்தார்.

"சத்தம் நின்னுடுச்சும்மே! பாய் சொன்ன மாதிரியே படிஞ்சிடுச்சு பாத்தியா? ரெண்டு மாசம்னான், பத்து நாள்லயே படிஞ்சிடுச்சு. கைன்னா அது கை!"

நான் சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தேன் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் சிநேகிதரைப் பற்றி அவர் அவ்வளவு பெருமையாகப் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே புகுந்து, அது நான் செய்தது என்று எப்படிச் சொல்வது? அவர் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டார். எனக்கு அது போதும் என்று இருந்தது.

நாலைந்து நாள் கழித்து மறுபடி மெல்லிசாகச் சத்தம் கேட்டது. மறுபடி தடவினேன். பிறகு வாரத்துக்கு இரண்டு நாள் என்று வழக்கமாகிவிட்டது. ஆவணியிலிருந்து மார்கழி வரைக்கும். "கிருஷ்ணாயில் இவ்ளோ சீக்கிரம் தீந்துடுதே" என்று அவர் ஒரு தடவை கேட்டார். ஸ்டவ் திரி சரியில்லை என்றேன். என் கல்யாணத்துக்குப் பிறகு அவரிடம் நான் சொன்ன முதல் பொய் அது. முதலாளி புது வண்டிப் பேச்சை எடுக்கவில்லை. முதலாளியம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் வண்டியில் கோயிலுக்குப் போய் வந்தார். எங்கள் அறைக்கு நான் சுண்ணாம்பு அடித்தேன்.

தை மாதம் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை அழைப்பு சாயங்காலம். வண்டியைப் பூவால் மூடியிருந்தார்கள். மாப்பிள்ளையையும் கூடவே நாலைந்து பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு, மேளம் முன்னால் போக, என் வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டை போட்டு ஓட்டினார். வரிசைத் தட்டு எடுத்துப் போகும் பெண்கள் கூட்டத்தில் கடைசியாக நானும் ஒரு பழத் தட்டோடு போனேன்.

கோயில் குளத்துத் திருப்பத்தில் 'மடார்' என்று ஒரு சத்தம். முதலில் வேட்டு என்றுதான் நினைத்தார்கள். வண்டியின் பின்பக்கம் ஒரு புறமாக அப்படியே உட்கார்ந்துவிட்டது. மேளம் நின்றது. குழந்தைகள் அழுதன. யாருக்கும் அடி படவில்லை. மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை தெருவில் இறங்கி நின்றார். மீதி தூரம் நடந்துதான் போனார்.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "பொண்ணு வீட்டு வண்டியே நொண்டுது. மத்தது எப்படியோ!"

முதலாளி முகம் கறுத்துவிட்டது. என் வீட்டுக்காரர் வண்டிப் பக்கத்தில் குந்தி அடியில் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை முழுக்கக் கறுப்பு. நான் தட்டைத் தூக்கிக்கொண்டு அவரைத் தாண்டிப் போனேன். அவர் நிமிரவில்லை.

கல்யாணம் எப்படியோ நடந்து முடிந்தது. மூன்றாம் நாள் பாயை ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். கொட்டகையில் முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பாய் அடியில் போய்ப் போல்ட்டைக் கழற்றினார். தேய்ந்து முறிந்திருந்தது. ரப்பரை விரலால் தோண்டி வெளியே எடுத்தார். ரப்பராக இல்லை. ஊறின புளியைப் பிழிந்த மாதிரி இருந்தது. அதை உள்ளங்கையில் வைத்து நசுக்கி மோந்து பார்த்தார்.

"எண்ணெய்" என்றார். இன்னொரு தடவை மோந்தார். "எண்ணெய் மட்டும் இல்ல, கிருஷ்ணாயிலும் சேத்து. நாலு புஷ்லயும் இருக்குது. ஒரு நாள் விட்டது இல்ல முதலாளி இது, மாசக்கணக்குல விட்டது." என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "சோப்பு போடும்போதே சொன்னேனேப்பா, எண்ணெய் ஆவாதுன்னு. நீ விட்டியா?"

"என் பொண்ணு மேல சத்தியமா நான் தொடலை" என்றார் இவர்.

சன்னலுக்குப் பின்னால் அந்தப் பெண் என் இடுப்பில் இருந்தாள். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அஞ்சு மாதமாக நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று.

முதலாளி சொன்னார்: "ரெண்டுல ஒண்ணு. இவன் எண்ணெய் விட்டான்னா இன்னிக்கே சாமான எடுத்துக்கினு கெளம்பட்டும். விடலைன்னா உன் சரக்கு மோசம். எது?"

பாய் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுப் பாருப்பா. தங்கச்சி தெரியாம எதுனா…" என்றார்.

என் வீட்டுக்காரர் அவர் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"யாரை இழுக்கற? உன் மொகத்துக்கு முன்னால நின்னு பேசாதவ அவ! தானா வண்டிப் பக்கம் வந்து பாத்திருக்கியா நீ? உன் சரக்கு நாறிப்போச்சுன்னு என் வீட்டுப் பொம்பளை பேரை சபையில எடுக்கறியா?"

அந்தச் சன்னலுக்குக் கதவு இல்லை. நான் ஒரு வார்த்தை பேசினால் போதும், எல்லாருக்கும் கேட்கும். பேசினால் வேலை போகும், அறை போகும், மூன்று விரல் கையோடு அவர் எங்கே போய் நிற்பார்? இதையெல்லாம் அப்போது யோசித்தேன் என்று இப்போது எழுதுகிறேன். யோசித்தேனா, இல்லை, வழக்கம் போல நாக்கு ஒட்டிக்கொண்டதா, எனக்கே தெரியவில்லை. இரண்டில் எது என்றாலும் நான் பேசவில்லை.

பாய் சட்டையிலிருந்து அவர் கையை மெதுவாக எடுத்துவிட்டார். அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முதலாளி பக்கம் திரும்பினார்.

"சரி முதலாளி. என் சரக்குதான் மோசம்."

"அன்னிக்கு வாக்குன்னியே?"

"தப்புதான்."

சாமான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். சன்னல் பக்கம் பார்க்கவில்லை.

வண்டி இரும்புக்கடைக்குப் போனது. வெள்ளை நிறத்தில் புது வண்டி வந்தது. டிரைவர் மேல் குற்றமில்லை என்பதால் என் வீட்டுக்காரரையே முதலாளி வைத்துக்கொண்டார். நான் நினைத்தபடி வேலை நின்றது, அறை நின்றது.

பட்டுக்கடைக்காரர்கள் ஒருவர் காதில் போட்டால் எல்லார் காதிலும் விழும். பாய் ஷெட்டுக்கு வண்டி வருவது குறைந்தது. அந்த ரம்ஜானுக்குச் சேமியா வரவில்லை. அடுத்த வருஷத்துக்குள் ஷெட்டைக் காலி செய்துவிட்டு ஊருக்கே போய்விட்டார் என்று கேள்விப்பட்டோம். என் வீட்டுக்காரருக்குப் பிறகு சிநேகிதர் என்று யாரும் வாய்க்கவில்லை. சாப்பிடும்போது திடீரென்று சொல்லுவார்: "நல்லவன்னு நெனச்சேம்மே. தான் மாட்டிக்கினதும் உன் பேரை இழுத்தான் பாரு." நான் ரசம் ஊற்றுவேன். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை. வருஷக்கணக்காகச் சொன்னார், வருஷக்கணக்காக ஊற்றினேன்.

ஏழெட்டு வருஷம் போயிருக்கும். முதலாளி காலமானார். மகன் கடையைப் பார்க்க வந்தார். அவருக்குத் தானே ஓட்டத்தான் பிடிக்கும். டிரைவர் வேண்டாம் என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, ஒரு புது வேட்டி கொடுத்துச் சொன்னார். அறையைக் குடோன் ஆக்கினார்கள். நாங்கள் எங்கள் அண்ணன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பகுதிக்கு வந்தோம். நான் பட்டு நூல் இழைத்துக் கொடுத்தேன். அவர் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

ஒரு மத்தியானம் தனியாக இருக்கும்போது சொல்லிவிட்டேன். ராட்டினத்தை நிறுத்தாமல், அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். இறகு, கொட்டாங்குச்சி, கிருஷ்ணாயில் எல்லாம்.

அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அன்னிக்கு ஏன் சொல்லல?" என்றார்.

"வேலை போயிடும்னு."

"இப்ப இருக்குதா?"

நான் ராட்டினத்தைச் சுற்றிக்கொண்டிருந்தேன். இழை அறுந்துவிட்டது. குனிந்து முடிந்தேன்.

மறுநாள் காலையில் சட்டை போட்டுக்கொண்டு ஆற்காட்டு பஸ் ஏறினார். கூப்பிட்டால் நானும் போயிருப்பேன். கூப்பிடவில்லை. சாயங்காலம் வந்தார். கால் கழுவினார். சொம்புத் தண்ணீரை முழுக்கக் குடித்தார்.

"அவன் பம்பாய் பக்கம் எங்கியோ வேலைக்குப் போயிட்டானாம். குடும்பமும் கூடப் போயிடுச்சாம். விலாசம் யாருக்கும் தெரியல. அவன் மச்சான் ஒருத்தன் இருந்தான். நான் யாருன்னு சொன்னதும் எழுந்து உள்ள போயிட்டான்."

நான் தட்டு வைத்தேன். சோறு போட்டேன். பாதி சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"எத்தனை மாசம் தடவுன?"

"ஆவணிலேருந்து மார்கழி வரைக்கும்."

"அந்த வண்டியில நான் பயப்படாம ஓட்டுனதே அந்த அஞ்சு மாசந்தான்" என்றார்.

திட்டினாரா, வேறு எதையாவது சொன்னாரா என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் இல்லை. பாயைப் பற்றி அதற்குப் பிறகு அவர் தவறாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. நல்லதாகவும் சொல்லவில்லை. அந்தப் பேரையே எடுக்கவில்லை. அவர் போய்ச் சேர்ந்து பதினோரு வருஷமாகிறது.